சக்கரம் வைத்த கோலி

பம்பாயில் ஒரு மனிதன் ஆயுள் முழுக்க எதற்கு உழைக்கிறான் என்று சாமியாரைக் கேட்டால் வேறு ஏதாவது சொல்வார். எங்களைக் கேட்டால், இன்னும் நூறு சதுர அடிக்கு என்போம். நான் பிறந்தது தாராவியில், பத்துக்குப் பன்னிரண்டு கோலியில். ஒரே அறை, அதுதான் வீடு. மூலையில் குளிக்க ஒரு மோரி, தலைக்கு மேலே போட்மாலா, அந்தப் பரணில் ஒரு சித்தப்பா. என் மனைவி பிறந்ததும் பக்கத்துச் சந்தில் அதே அளவு கோலியில்தான். அவர்கள் வீட்டுப் பரணில் இரண்டு சித்தப்பா. அதனால் கொஞ்சம் பெரிய குடும்பத்தில் பெண் எடுத்திருப்பதாக எங்கள் ஐயாவுக்குப் பெருமை.

குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் அரசாங்கம் கொடுக்கும் வீடு 225 சதுர அடியாக இருந்து, 269 ஆகி, 300 ஆகி, இப்போது தாராவிக்காரர்களில் தகுதியுள்ளவர்களுக்கு 350 என்று வந்து நிற்கிறது. ஒவ்வொரு அடிக்கும் எத்தனை மோர்ச்சா, எத்தனை மனு! எனக்குப் பொறுமை கிடையாது. கடன் வாங்கி, செம்பூரில் இரண்டு படுக்கையறை வீடு வாங்கி, தலைமுடியையும் தவணையையும் சேர்த்தே கட்டி முடித்து, ஓய்வு பெற்றேன். பெற்றதும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஏழுக்குப் பன்னிரண்டு அளவில் ஒரு தகரப் பெட்டிக்குள் மனைவியோடு குடிபோனேன். அதற்குச் சக்கரம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மனைவி மனக்கணக்கில் கெட்டி. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “எம்பத்து நாலு சதுர அடி. எங்க ஐயா கோலி நூத்தி இருவது” என்றாள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் மச்சினன். 2021இல் மகாராஷ்டிர அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. அதே வருஷம் கேரளமும் வெளியிட்டது. சுற்றுலா வண்டிகளும் அவை நிற்பதற்குப் பூங்காக்களும் வரப்போகின்றன என்று பேப்பரில் படித்த கோடிக்கணக்கான இந்தியர்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். மச்சினன் மட்டும் திருப்பவில்லை. பட்டறையில் சொல்லி, காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிற டிரெய்லர் வீடு ஒன்றைச் செய்துவிட்டான். உள்ளே மடக்குக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு மூலையில் கக்கூஸ். வாடகைக்கு எடுக்க ஆள்தான் வரவில்லை. வந்த இரண்டொருவரும், “ஓட்டிக்கொண்டு போக வேண்டுமா, இழுத்துக்கொண்டு போக வேண்டுமா?” என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

“அத்தான், நீங்களும் அக்காவும் கொங்கண் கடற்கரையில ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்க. கடல் பின்னணியில நாலு போட்டோ எடுத்து அனுப்புங்க. அதைப் பாத்தா ஆள் வரும்” என்றான். அவனுடைய ஸ்கார்ப்பியோவையும் கொடுத்தான். எனக்குப் பரவசம். மனைவிக்கு இல்லை. “பொறந்ததுல இருந்து இந்த மாரி இடத்துலதான கெடந்தோம். இதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போவணும்? அறுபதடி ரோட்டுல எறங்கி நடந்தாப் போதாதா?” என்றாள். போதாது என்றேன். வெளிநாட்டில் வயதான தம்பதிகள் இப்படித்தான் கடலோரமாகவே போய்க்கொண்டிருப்பார்களாம் என்றேன். “அவங்களுக்குப் புள்ளைங்க சோறு போடாது, பாவம்” என்றாள்.

திட்டம் மிகப் பெரியது. ரேவஸிலிருந்து ரெட்டி வரை இறங்குகிற கடலோர மாநில நெடுஞ்சாலையைப் பிடித்து, ரத்தினகிரி போய், பர்மாவின் கடைசி மன்னர் தீபா வாழ்ந்த மாளிகையைப் பார்ப்பது. பிரிட்டிஷார் அவரை 1885இல் நாட்டைவிட்டுக் கிளப்பி, மறு வருஷம் ரத்தினகிரியில் கொண்டுவந்து வைத்தார்கள். 1916இல் சாகிறவரை அங்கேயே இருந்தார். அவரைக் கப்பலில் கொண்டுபோனார்கள். இப்போது யோசித்தால், அது பிரிட்டிஷார் காட்டிய கருணை. டிரெய்லரை இழுத்துக்கொண்டு சாலை வழியாகப் போ என்று சொல்லியிருந்தால் அவர் ரத்தினகிரியைக் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டார்.

செம்பூரில் வண்டியைக் கண்டதும் எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் விறைத்து நின்று சலாம் வைத்தார். இங்கே ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டுடியோ இருந்த காலத்திலிருந்தே, கதவு வைத்த பெட்டி வண்டி என்றால் அதற்குள்ளே ஒரு நட்சத்திரம் மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும் என்பது பேட்டைக்குப் பழகிப்போன விஷயம். ஸ்டுடியோ போய் அடுக்குமாடி வந்தும் நினைப்புப் போகவில்லை. “உள்ளே யார் சார்?” என்று கிசுகிசுத்தார். உள்ளே இருந்தது இட்லிக் கொப்பரை, கருப்பட்டி, இரண்டு படி புழுங்கலரிசி, ஒரு தகர டப்பா நிறைய முறுக்கு.

வாஷி சுங்கச்சாவடியில் இன்னொரு கூத்து. 2024 அக்டோபரிலிருந்து மும்பை நுழைவாயில்களில் காருக்குக் கட்டணம் கிடையாது. கார் சரி, பின்னால் வருவது என்ன? அது காரின் வாலா, தனி ஜீவனா? அங்கிருந்தவர் சுற்றி வந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற பஸ்கள் எழுப்பிய ஓலத்தில் சட்டம் தோற்றுப்போய், கையை வீசிப் போகச் சொன்னார். என் பிரயாணத்திலேயே நான் வென்ற ஒரே வழக்கு அது.

மகாராஷ்டிரக் கடற்கரை 720 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். படித்ததோடு சரி. தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம், நம் ஊரில் டிரைவரும் வலப்பக்கம். ஆக, கடல் முழுக்க என் ஜன்னலுக்கே சொந்தம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பின்னால் ஒரு வீடு ஆடிக்கொண்டு வரும்போது, கண் பக்கக் கண்ணாடியை விட்டு நகருமா? அலிபாக்கைத் தாண்டி, ரேவ்தண்டாவைத் தாண்டி, பாக்கும் தென்னையும் இரண்டு பக்கமும் தோள் இடிக்கிற கிராமத்துச் சாலைகளில் நான் பார்த்ததெல்லாம் டிரெய்லரின் வலது மூலை. அதை இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன். மனைவியோ கைக்குட்டையால் விசிறிக்கொண்டு, “காஷித் மணலு எப்பிடி வெள்ளையா இருக்கு! அந்தா, ரெண்டு படகு!” என்று நேர்முக வர்ணனை செய்துகொண்டு வந்தாள். நடுநடுவே ஒரு வேண்டுகோள்: “கொஞ்சம் தலையச் சாச்சுக்கிடுங்க. கடல மறைக்கீய.”

முருட் ஜஞ்சிராவுக்கு எதிரே, கரையில் ஒரு தென்னந்தோப்பில் தங்கினோம். கடல் நடுவே நிற்கிற அந்தக் கோட்டையை, அதை ஆண்ட சித்தி வம்சத்தாரிடமிருந்து பிடிக்க சிவாஜி முயன்றார். அவர் மகன் சம்பாஜி கரையிலிருந்து கல் கொட்டி அணைபோட்டுப் பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. காரணங்களில் ஒன்றைச் சொல்வார்கள்: படகு மதிலுக்குப் பக்கத்தில் போகிறவரை வாசல் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. எனக்கு மராட்டியப் படையின் கஷ்டம் நன்றாகப் புரிந்தது. நான் தங்க வேண்டிய தோப்பின் வாசலும் அப்படித்தான், தாண்டிப் போன பிறகுதான் தெரியும். தாண்டினால் திரும்பிவர எனக்கு வழியில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த ஊர் நாற்சந்திவரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தேன். டீக்கடைக்காரர் கடைசியில் கையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் டிரெய்லரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மும்பை வண்டி, திரை போட்ட ஜன்னல், உள்ளே விளக்கு. கதாநாயகி எப்படியும் காற்று வாங்க வெளியே வந்துதானே ஆக வேண்டும்? செல்போன்கள் உயர்ந்தன. ஒரு சின்னப் பெண் ரோஜாப்பூவோடு முன்வரிசையில் நின்றது. கதவு திறந்தது. சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் துண்டும் வாயில் பிரஷ்ஷுமாக, நான் இறங்கினேன்.

பாருங்கள், என்னை வாழ்க்கையில் பலர் ஏமாற்றத்தோடு பார்த்திருக்கிறார்கள். மேலதிகாரிகள், மாமனார், என் பிள்ளையின் கணக்கு வாத்தியார். ஆனால் இத்தனை பேர் ஒரே சமயத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பெண் பூவைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு கிழவர் மட்டும் நெருங்கி வந்து, மராத்தியில், “வில்லனா?” என்று பரிவோடு விசாரித்தார்.

இரவில் படுக்கைச் சடங்கு. சாப்பாட்டு மேஜையை இறக்கினால் அது கட்டிலாகும். இறக்க வேண்டுமானால் பெஞ்சை நகர்த்த வேண்டும். பெஞ்சு நகர வேண்டுமானால் நான் அங்கே இருக்கக் கூடாது. நான் நகர்ந்து நிற்க டிரெய்லருக்குள் இடமே இல்லாததால், ராத்திரிதோறும் என்னை வெளியே கொசுவிடம் ஒப்படைத்துவிட்டு மனைவி கதவைச் சாத்திக்கொள்வாள். மச்சினன் கொடுத்த குறிப்புத் தாளில் பதினெட்டுப் படிகள் போட்டிருந்தது. நான் முயன்றபோது ஏழாம் படியில் விரல் நசுங்கியது. அவள் தாளைப் பார்க்கவே இல்லை. எதை மடக்கினால் எது விரியும், எந்தப் பாத்திரம் எதன் வயிற்றுக்குள் போகும், ஈரத்துணியை எந்தக் காற்றில் கட்டினால் தலையில் சொட்டாது, இதெல்லாம் அவளுக்கு ஐந்து வயதில் வந்த வித்தை. இரண்டே நாளில் டிரெய்லருக்குள் ஒரு கொடி கட்டி, சாமி படத்துக்கு ஆணி அடித்து, வாசலில் கோலமும் போட்டுவிட்டாள். செம்பூர் வீட்டில் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தேடி அரை நாள் போகும். இங்கே கையை நீட்டினால் எல்லாம் கிடைத்தது. நீட்டாவிட்டாலும் முழங்கையில் இடித்தது.

மீனவர் குடியிருப்பு ஒன்றில் மூங்கில் பந்தலில் பொம்பில் மீன் காயப் போட்டிருந்தார்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, மழைக்காலம். அதற்கு முன்னால் கருவாடு சேர்த்துவிட வேண்டும் என்பது கரையோரத்துச் சம்சாரிகளின் விதி. நாங்கள் போனதோ பிப்ரவரி. “முன்னாடியே வாங்கி வச்சா என்ன கொறஞ்சா போச்சு?” என்று மனைவி ஒரு மூட்டை பொம்பிலும் ஒரு மூட்டை பொடி இறாலும் வாங்கி உள்ளே வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வண்டியைச் சுற்றி நட்சத்திரம் பார்க்கக் கூட்டம் கூடவில்லை. பூனைகள் கூடின.

அகர்தண்டாவிலிருந்து திகிக்கு, வண்டிகளை ஏற்றிப்போகிற ஜங்கார்ப் படகில் போனோம். நேராக ஏறி, நேராக இறங்கினேன். அந்த அரைமணி நேரம் என்னை ஒரு மாலுமியாகவே நினைத்துக்கொண்டேன். மறுகரையில் திவேஆகர். அங்கேதான் பெட்டி விவகாரம்.

கக்கூஸ் என்று சொன்னேன் அல்லவா. அதன் அடியில் ஒரு தொட்டி உண்டு. நிரம்பியதும் உருவி எடுத்துக் கொட்டிவிட வேண்டும். பார்வைக்கு அது அச்சாக ஒரு சூட்கேஸ். கைப்பிடி, கீழே இரண்டு சக்கரம், நல்ல சாம்பல் நிறம். நாங்கள் தங்கியிருந்த பாக்குத் தோப்பு வீட்டுப் பெரியவர், பின்கட்டில் கொட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி தந்திருந்தார். விடிகாலையில் யாரும் எழுவதற்குள் உருட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் அவர் பேரன் எதிரே வந்துவிட்டான், விருந்தாளியைச் சுமக்க விடலாமா என்ற நல்ல வளர்ப்பு. “த்யா, மீ கேதோ”, கொடுங்கள் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வீட்டுத் திண்ணையில் துளசிமாடத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டான்.

இந்த ஊருக்குப் பெட்டி என்றால் தனி மரியாதை. 1997இல் இங்கே ஒரு பாக்குத் தோப்பில் குழி தோண்டும்போது ஒரு பெட்டி கிடைத்து, அதற்குள் தங்கப் பிள்ளையார் முகம் இருந்தது. ஊரே கோயில் கொண்டாடியது. 2012இல் அதைக் கொள்ளையடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், பெரியவர் வெளியே வந்து, கும்பிடுகிற தூரத்தில் நின்று, “உள்ளே என்ன?” என்று கேட்கிறார். என் மராத்தி, காய்கறி வாங்கப் போதும். இதற்குப் போதாது. இந்தியிலும் எனக்குக் கண்ணியமான சொல் அகப்படவில்லை. டிரெய்லர் ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. உதவிக்கு வருவாள் என்று பார்த்தேன். திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வண்டி மட்டும் குலுங்கியது.

ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர் எல்லாம் தாண்டி பாக்மண்ட்லா. மகாபலேஷ்வரில் பிறந்த சாவித்ரி ஆறு இங்கே கடலில் சேர்கிறது. இக்கரை ராய்கட் மாவட்டம், அக்கரை வேஷ்வி ரத்தினகிரி மாவட்டம். ஆம்பேத் பாலம் வழியாகச் சுற்றினால் பாதி நாள் போகும், ஜங்காரில் ஏறினால் கொஞ்ச நேரம். நமக்குத்தான் ஜங்கார் அனுபவம் இருக்கிறதே என்று தெம்பாகப் போய் நின்றேன். படகுப் பையன், வண்டியைப் பின்பக்கமாக ஏற்றச் சொன்னான்.

டிரெய்லரைப் பின்னால் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் பின்பக்கம் வலப்பக்கம் போகும். வலப்பக்கம் ஒடித்தால் இடப்பக்கம். புரிந்துகொண்டு சரிசெய்வதற்குள் காரும் டிரெய்லரும் பேனாக்கத்தி மடங்குகிற மாதிரி மடங்கி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். டிரெய்லர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு சீக்கிரம் மடங்கும். மச்சினன், பட்டறையில் தகரம் மிச்சம் பிடிக்கக் குட்டையாகச் செய்திருந்தான்.

“ஏவூ த்யா, ஏவூ த்யா” என்றான் பையன். வரவிட்டேன். டிரெய்லர் ஆற்றைப் பார்க்கப் போனது. முன்னால் எடுத்தேன். மறுபடி “ஏவூ த்யா.” இந்தத் தடவை பக்கத்துச் சர்பத் கடையைப் பார்க்கப் போனது. கடைக்காரர் தம் பாட்டில்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். பின்னால் டெம்போ, சுற்றுலா பஸ், பைக்குகள். பஸ்ஸிலிருந்த கல்லூரிப் பிள்ளைகள் நான் ஒவ்வொரு தடவை பின்னால் எடுக்கும்போதும் எண்ணத் தொடங்கினார்கள். அந்த எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன்.

அப்போதுதான் மனைவி இறங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். “அந்தக் கொக்கியக் கழட்டுங்க” என்றாள். அவள் ஐயா, தாராவியில் தோல் மூட்டை ஏற்றிய ஹாத்காடி என்கிற கைவண்டியை இரண்டு ஆள் நடக்கத் திணறுகிற சந்துகளில் ஓட்டியவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னாலிருந்து தள்ளியவள் இவள். கார் போனது ஒரு பக்கம். டிரெய்லரின் இழுகம்பியை இவள் பிடித்துக்கொள்ள, படகுப் பையன்கள் நான்கு பேரும் கல்லூரிப் பிள்ளைகளும் தள்ள, இந்தியில் இரண்டு அதட்டல், தமிழில் ஒரு வசவு. சர்பத்துக்கு உப்புப் போட்டுக் கலக்குகிற நேரத்தில் வீடு படகில் ஏறிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு என்ன செய்வது?

அதன் பிறகு, கடைசி ஆளாகக் காரை ஏற்றினேன். மடங்க ஒன்றும் இல்லாததால் நேராகவே ஏறியது. படகு நகர்ந்ததும், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு மராத்தி ஆச்சி என் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், பெட்டிக்குள் கருவாடு இருக்கிறதா. கடைசியில் என்னைக் கண்ணால் காட்டி, “இவர் யார்?” என்றாள்.

“டிரைவர்” என்றாள் என் மனைவி.

வேஷ்வியிலிருந்து கொஞ்ச தூரத்தில் வேளாஸ். ஆலிவ் ரிட்லி ஆமைகள் குளிர்காலத்தில் கரையேறி முட்டையிடுகிற ஊர். முன்னெல்லாம் முட்டைகளைத் தோண்டித் தின்றவர்களே இப்போது அவற்றைச் சேகரித்து, வேலி போட்ட மணல் குழிகளில் வைத்து, குஞ்சு வெளிவந்ததும் கூடையில் எடுத்துப் போய்க் கடலோரம் விடுகிறார்கள். அதைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே சோறும் பாயும் தருகிறார்கள். காலை வெயிலில் கூட்டத்தோடு நின்று பார்த்தோம். உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சுகள். எந்தப் பக்கமும் பார்க்காமல் முன்னால், முன்னால் என்று தண்ணீருக்கு ஓடின. ஒன்றுகூடப் பின்னால் எடுக்கவில்லை. எனக்கு அவற்றின்மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது.

ஆமை பார்க்கிற அவசரத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. நான் வண்டியை விட்டிருந்த சந்து, இரண்டு பக்கமும் செம்பாறாங்கல் மதிலோடு நேராகப் போய் ஒரு மாட்டுத் தொழுவத்தில் முடிந்தது. டிரெய்லரின் பின்னால் கல்லூரிப் பிள்ளைகளும் இல்லை, படகுப் பையன்களும் இல்லை. மாடு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டுக்காரிக்குக் கருவாட்டுக் குழம்பின் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மச்சினன் போன் செய்தான். அக்காவும் கடலும் டிரெய்லரும் இருக்கிற படம் பிரமாதமாம். புனேயிலிருந்து ஒரு குடும்பம் வாடகைக்குக் கேட்டிருக்கிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

“அத்தான், வண்டிய எப்பம் திருப்புதீய?”

“அதைத்தாம்ப்பா நானும் காலையிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றேன்.